12 வயசுப் பிள்ளைக்கு 'வதரிங் ஹைட்ஸ்' குடுக்கலாமா?

பிப்ரவரி 4, மதியம் (கேள்வி)

என் பொண்ணுக்கு 12 முடிஞ்சு 13 நடக்குது. நல்லா படிப்பா. லைப்ரரில இருந்து எமிலி பிரான்டியோட வதரிங் ஹைட்ஸ் எடுத்துட்டு வந்திருக்கா, சுருக்கினது இல்ல, முழுப் புத்தகம். நான் படிச்சதில்ல. தேடிப் பாத்தா பாதிப்பேர் உலகத்துலயே பெரிய காதல் கதைங்கறாங்க, மீதிப்பேர் ஒரு குடும்பமே ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக் குதறுற கதைங்கறாங்க. கிளாசிக்தானே, அதுல என்ன பயம்னு வீட்டுக்காரர் சொல்றார். வாங்கி வைக்கவா, விட்டுடவா?

பிப்ரவரி 4, சாயங்காலம் 6.50

வாங்கி வைங்க. 15 ஆகட்டும்.

வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லுங்க. ஹிண்ட்லின்னு வீட்டுக்கு மூத்த மகன், பொண்டாட்டி செத்ததும் குடில விழறான், ஒரு நாள் குடிச்சுட்டு வந்து வேலை பாக்கற நெல்லியோட பல்லுக்கு நடுவுல கத்தி முனையைச் சொருகறான், கருவாடு வெட்டின கத்தி, அதுவும் சொல்லியிருக்கும் கதைல. அப்புறம் பெத்த பிள்ளையை மாடிப்படிக் கைப்பிடிக்கு வெளிய தூக்கிப் பிடிச்சு நழுவ விட்டுடறான். கீழ வந்த ஹீத்கிளிஃப், அந்த வீட்டுல எடுத்து வளர்த்த பையன், அனிச்சையா பிடிச்சதால அது பிழைச்சுது, ஐயோ பிடிச்சுட்டோமேன்னு அவன் முகத்துல வந்த வருத்தத்தைக்கூட எமிலி விடாம எழுதியிருக்காங்க. அதே ஹீத்கிளிஃப் இசபெல்லாங்கற பொண்ணை ராத்திரியோட ராத்திரியா கூட்டிட்டு ஓடறப்ப அவளோட நாய்க்குட்டியைக் கொக்கில மாட்டித் தூக்குப் போட்டுக் கொன்னுட்டுப் போறான். கடைசில 17 வயசுப் பொண்ணை வீட்டுக்குள்ள பூட்டி வெச்சு, அறைஞ்சு, தன் மகனுக்குக் கட்டாயக் கல்யாணம். இதெல்லாம் 12 வயசுக்கு எதுக்கு? நைட் டியூட்டிக்குக் கிளம்பறேன், மீதி அப்புறம்.

பிப்ரவரி 5, காலை 9

வந்ததும் புத்தகத்தை எடுத்துப் பாத்தேன். ஒரு தப்பு எழுதிட்டேன், அந்த நாய்க்குட்டி சாகலை. 12வது அத்தியாயம், நெல்லி இருட்டுல தோட்டத்துப் பக்கம் போறப்ப வெள்ளையா ஏதோ ஆடறது தெரியுது, கிட்டப் போனா இசபெல்லாவோட நாய், கைக்குட்டைல கழுத்து இறுகி, உயிர் போற நிலைமைல தொங்குது, அவதான் அவிழ்த்து விடறா. இத்தனை வருஷமா செத்துப்போச்சுன்னே நினைச்சுட்டு இருந்திருக்கேன்.

ஆனா நாய்க்குட்டி விஷயத்துல இதைவிட மோசமான இடம் 17வது அத்தியாயத்துல இருக்கு. இசபெல்லா புருஷன்கிட்ட இருந்து தப்பிச்சு வாசல் வழியா ஓடறா, ஓடறப்ப ஹேர்ட்டனை இடிச்சுத் தள்ளிட்டு ஓடறா, ஹேர்ட்டன் அங்க என்ன பண்ணிட்டு இருந்தான்னா ஒரு ஈத்துக் குட்டிகளை நாற்காலி முதுகுல தொங்க விட்டுட்டு இருந்தான். அஞ்சு வயசுப் பையன். மாடிப்படில இருந்து நழுவ விட்டாங்களே, அதே பையன். இது ஒரு வாக்கியத்துல ஒரு துண்டுதான், அடுத்த துண்டுல அவ சரிவுல இறங்கி ஓடிட்டு இருப்பா. யாரும் நின்னு அதைப் பத்திப் பேச மாட்டாங்க.

என் பொண்ணு போன வருஷம், அவளுக்கு 13, அந்த வரில புத்தகத்தை மூடி வெச்சவ ரெண்டு வாரம் தொடலை. இது எனக்கு மறந்தே போச்சு பாருங்க, நேத்து 15னு அடிச்சுச் சொல்றப்ப என் வீட்டுல 13ல படிச்ச பிள்ளை ஒண்ணு இருக்குங்கறதே ஞாபகம் வரலை. நான் குடுக்கலை, ஸ்கூல்ல ஒரு டீச்சர் குடுத்தாங்க.

பிப்ரவரி 6, ராத்திரி

நான் ஏன் அவ்வளவு வேகமா வேண்டாம்னேன்னு யோசிச்சேன். கத்தியோ நாயோ காரணம் இல்ல.

எனக்கு 14 இருக்கும். கோவில்பட்டி பக்கம் எங்க ஊர்ல ஒரு வாடகை நூலகம், வாரத்துக்கு 2 ரூபா, அதுல இந்தக் கதையோட சுருக்கம் ஒண்ணு கிடைச்சுது, ஒல்லியான புத்தகம், நான்-டீடெயில் புத்தகம் மாதிரி. ஹீத்கிளிஃப் உயிரா நேசிச்ச கேத்ரின், ஹிண்ட்லியோட தங்கச்சி, செத்ததும் அவன் தோட்டத்துல மரத்துல தலையை முட்டிக்கிட்டு மிருகம் மாதிரி ஊளை விடறான், அதோட கதை முடிஞ்சுது. நான் அழுது தலையணை நனைஞ்சுது. ஆம்பளைன்னா இப்படி இருக்கணும், இப்படி ஒருத்தன் நமக்காக முட்டிக்கணும்னு தோணிச்சு. யாரும் சொல்லித்தரலை, அந்தப் புத்தகம்தான் சொல்லிச்சு.

17 வயசுல காலேஜ் பஸ்ல ஒருத்தன். பிளேடால கையைக் கிழிச்சு ரத்தத்துல என் பேர் எழுதி லெட்டர் குடுத்தான். எங்க காலத்துல இது ஒரு பெரிய விஷயமா பேசுவாங்க, கூடப் படிச்சவங்க எல்லாம் உனக்காக உயிரைக் குடுப்பான்டின்னாங்க. எனக்கு மனசுல மரத்துல முட்டிக்கிட்ட ஆள்தான் வந்தான். நாலு மாசம் கழிச்சு வேற ஒரு பையன்கிட்ட ரெக்கார்ட் நோட்டு வாங்கிட்டு வந்தேன்னு பஸ் ஸ்டாப்புல எல்லாரும் பாக்க என் மணிக்கட்டைத் திருகினான், கண்ணாடி வளையல் மூணு உடைஞ்சு உள்ள ஏறிச்சு. அப்பவும் இதுவும் பிரியத்துலதானேன்னு நின்னேன். எங்க அத்தைதான் காயத்துக்கு மஞ்சள் வெச்சுக்கிட்டே, அழக்கூட விடாம, "அவன் வேற யாரை இப்படி அடிச்சிருக்கான், அதைச் சொல்லு"ன்னு கேட்டாங்க. அன்னிக்குத்தான் யோசிச்சேன். அவன் தங்கச்சியை அடிப்பான். எனக்குத் தெரியும். தெரிஞ்சே விட்டிருந்தேன்.

பல வருஷம் கழிச்சு முழுப் புத்தகத்தைப் படிக்கறப்ப 14வது அத்தியாயத்துல தூக்கிவாரிப் போட்டுச்சு. இசபெல்லாவைக் கல்யாணம் பண்ணிக் கொடுமைப்படுத்திட்டு ஹீத்கிளிஃப் தன் வாயாலயே சொல்றான், இவ என்னைக் காதல் கதைல வர்ற நாயகன்னு நினைச்சு வீட்டை விட்டு வந்தா, நான் எதையும் மறைக்கலை, இவ நாயை இவ கண்ணு முன்னாடி தூக்குல மாட்டினேன், அதைப் பாத்தும் இவ நம்பலைங்கறான். அத்தை கேட்ட கேள்வியே அதுதான். எமிலி 1847லயே எச்சரிக்கையை உள்ள வெச்சுட்டாங்க, எனக்குக் கிடைச்ச சுருக்கத்துல அந்தப் பக்கத்தைத்தான் வெட்டியிருந்தாங்க. பிள்ளைங்களுக்கு வேண்டாம்னு வெட்டியிருப்பாங்க.

பிப்ரவரி 8

இதைக் 'காதிக்' நாவல்ங்கறாங்களே, காதிக்னா பேய்க்கதையான்னு கேட்டிருக்கீங்க. பேய் வந்தாலும் வரலைன்னாலும் வீடுதான் முக்கியம், பழைய பெரிய வீடு, வெளிய காத்து, உள்ள பூட்டின ரூம், செத்தவங்க விட்டுப்போன கணக்கு உயிரோட இருக்கறவங்க கழுத்துல சுத்திக்கும். இதுல 3வது அத்தியாயத்துலயே ஒரு இடம் இருக்கு. லாக்வுட்னு விருந்தாளி, பனில மாட்டிக்கிட்டு அந்த வீட்டுல தங்கறான், ராத்திரி ஜன்னல்ல மரக்கிளை தட்டுதுன்னு கண்ணாடியை உடைச்சுக் கையை நீட்டினா ஒரு சின்னப் பிள்ளையோட சில்லுனு கை அவன் கையைப் பிடிச்சுக்குது, உள்ள விடுன்னு அழுது. அவன் பயத்துல அந்தப் பிள்ளையோட மணிக்கட்டை உடைஞ்ச கண்ணாடி மேல வெச்சுத் தேய்க்கறான், படுக்கை நனையற அளவுக்கு ரத்தம்.

கனவுன்னு வெச்சுக்கலாம். ஆனா தேய்க்கறவன் ஹீத்கிளிஃப் இல்ல, படிச்ச, நாகரிகமான ஆள். எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு. உங்க பொண்ணு ராத்திரி தனியா படுக்கறவளா இருந்தா இந்த அத்தியாயத்தைப் பகல்ல படிக்கச் சொல்லுங்க.

பிப்ரவரி 11

நான் இருக்கறது இங்கிலாந்துல மேற்கு யார்க்‌ஷயர்ல, வயசானவங்களைப் பாத்துக்கற ஒரு ஹோம்ல வேலை. எமிலி வளர்ந்த ஊர் ஹாவர்த், இங்க இருந்து பஸ்ல போற தூரம், பொண்ணு புத்தகத்தைப் பாதில மூடி வெச்சிருந்தப்பதான் ஆகஸ்ட்ல ஒரு நாள் கூட்டிட்டுப் போனேன், புத்தகத்தைப் பத்திப் பேசாம ஊரையாவது பாக்கட்டும்னு.

செங்குத்தான கல் பாவின தெரு, மேல ஏறினா சர்ச், அதை ஒட்டி பிரான்டி குடும்பம் இருந்த பாதிரியார் வீடு, 1928ல இருந்து மியூசியம். வீட்டு முன் ஜன்னல்ல நின்னா முதல்ல கண்ணுல படறது கல்லறைதான், கல்லு மேல கல்லா நெருக்கி அடிச்சுப் புதைச்ச இடம். பொண்ணு உள்ள போகாம கல்லறைலயே நின்னுட்டா, ஒவ்வொரு கல்லா வயசைப் படிச்சா, ரெண்டு மாசம், ஒரு வயசு, மூணு வயசு, ஒரே குடும்பத்துல அஞ்சாறு பிள்ளை.

1850ல பெஞ்சமின் பாபேஜ்னு ஒரு அரசாங்க இன்ஸ்பெக்டர் அந்த ஊரைப் பாத்து அறிக்கை குடுத்தார், வரச்சொல்லி மனுப் போட்டதே எமிலியோட அப்பா பேட்ரிக்தான். தண்ணி கெட்டிருக்கு, கழிவு தெருவுல ஓடுது, கல்லறைல இடமே இல்ல. ஊர்ல சாகறவங்கள்ல நூத்துக்கு 41 பேருக்கு மேல ஆறு வயசு தாண்டாத பிள்ளைங்க. சராசரியா செத்த வயசு 26கூட இல்ல. எமிலி வளர்ந்தது இந்த ஜன்னலுக்கு உள்ள. மூணு வயசுல அம்மா போயாச்சு, 1825ல ஆறு வயசுல ரெண்டு அக்காங்க ஒரே வருஷத்துல போயாச்சு, ரெண்டு பேரும் ஹாஸ்டல் ஸ்கூல்ல காசநோய் பிடிச்சு வீட்டுக்கு வந்து செத்தவங்க. இந்தப் புத்தகத்துல ஏன் இவ்வளவு சாவுன்னு கேக்கறவங்களை ஒரு தடவை அங்க நிக்கச் சொல்லணும்.

அப்புறம் ஹெதர் பூத்துக் கிடந்த மேட்டுல நடந்து டாப் விதின்ஸ்ங்கற இடிஞ்ச பண்ணை வீட்டுக்குப் போனோம், அதுதான் கதைல வர்ற வீடுன்னு ஜனம் வருது. சுவத்துல பிரான்டி சங்கம் 1964ல ஒரு பலகை பதிச்சிருக்கு, இந்த வீடு முழுசா இருந்தப்பவும் கதைல சொன்ன வீடு மாதிரி இருந்ததில்ல, இடம் வேணா அவங்க மனசுல இருந்திருக்கலாம்னு. அவ்வளவு தூரம் நடந்து வந்தவங்களுக்கு இப்படி உண்மையை எழுதி வெச்சிருக்காங்களேன்னு எனக்கு ரொம்பப் பிடிச்சுது. பொண்ணு காத்துல தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு, "இங்க கத்தினா யாருக்கும் கேக்காதும்மா"ன்னா. அன்னிக்கு ராத்திரி அவளே புத்தகத்தை எடுத்தா.

பிப்ரவரி 12

மேல ரெண்டு அக்கான்னு மட்டும் எழுதினேன், மொத்தம் ஆறு பிள்ளைங்க. செத்தப்ப மரியாவுக்கு 11, எலிசபெத்துக்கு 10. 1848 செப்டம்பர்ல ஒரே மகன் பிரான்வெல், 31, குடியும் அபினும் உடம்பைத் தின்னு. டிசம்பர் 19ல எமிலி, 30. 1849 மே மாசம் ஆன், 29. சார்லட் 1855ல, 38. அப்பா 84 வயசு வரைக்கும் இருந்தார். ஆறையும் பறிகொடுத்த மனுஷன்.

ஹிண்ட்லி குடிச்சு அழியற அத்தியாயங்களை எமிலி எழுதறப்ப தம்பி, (பிரான்வெல் எமிலிக்கு அண்ணன், தம்பி இல்ல, திருத்திக்கறேன்) அண்ணன் பக்கத்து ரூம்ல குடிச்சுட்டுக் கிடந்தார். எங்க சித்தப்பா ஒருத்தர் அப்படி. அந்த அத்தியாயங்கள்ல வேலைக்காரி துப்பாக்கிக் குண்டை எடுத்து ஒளிக்கறா, பிள்ளையை அலமாரிக்குள்ள ஒளிக்கப் பாக்கறா. குடிகாரர் இருக்கற வீட்டுல வளர்ந்தவங்களுக்கு அலமாரி விஷயம் புரியும். எங்க சித்தி அரிசிப் பானைக்குப் பின்னாடி எங்களை உக்கார வெப்பாங்க.

பிப்ரவரி 15, நீளமா வரும்

மனசு மாறிட்டேன். முழுசா மாறலை, ஆனா 15ங்கற எண்ணை வாபஸ் வாங்கறேன்.

இந்தப் புத்தகம் 34 அத்தியாயம். கேத்ரின் சாகறது 16ல. 1939ல வந்த ஹாலிவுட் படம் அதோட நிறுத்திக்கிச்சு, அடுத்த தலைமுறையே அதுல கிடையாது. காதல் காவியம்னு பேர் வாங்கினதுல பெரிய பங்கு அதுக்கு உண்டு. எனக்குக் கிடைச்ச சுருக்கமும் அதே இடத்துல நின்னுச்சு. மீதி 18 அத்தியாயத்துல என்ன இருக்குன்னா பிள்ளைங்க. முதல் பாதில பெரியவங்க பண்ணின அத்தனையும் இவங்க தலைல இறங்குது.

ஹீத்கிளிஃப் பழி வாங்கறது பாதி கத்தில இல்ல, பத்திரத்துல. ஹிண்ட்லிக்குச் சூதாடப் பணம் குடுத்துக் குடுத்து நிலம் வீடு எல்லாத்தையும் அடமானம் பிடிச்சுக்கறான், ஹிண்ட்லி செத்த அன்னிக்கு வாரிசு ஹேர்ட்டனுக்கு ஒண்ணும் மிஞ்சலை. அடுத்து நாலு மைல் தள்ளி இருக்கற இன்னொரு பெரிய வீட்டுச் சொத்து வேணும், அதுக்காக அந்த வீட்டுப் பொண்ணு, செத்துப்போன கேத்ரினோட மக, கேத்தியைச் சாகக் கிடக்கற தன் பையன் லிண்டனுக்குக் கட்டி வெக்கறான். அப்ப இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணம் ஆன பொண்ணோட பணம் நகை எல்லாம் புருஷனுக்கு, புருஷன் உயில் எழுதி அப்பனுக்குக் குடுத்துட்டுச் செத்தா அவ நடுத்தெரு. 1882ல சட்டம் மாறற வரைக்கும் இதுதான் நிலைமை. சி.பி. சாங்கர்னு ஒரு வக்கீல் 1926ல உக்காந்து தேதி தேதியா, சொத்துச் சட்டம் உட்பட எல்லாத்தையும் சரிபாத்து எமிலி எங்கயும் பெருசா சறுக்கலைன்னு எழுதினார். என் பொண்ணுக்குப் பேயைவிட இதுதான் கோவம் வந்துச்சு. "அவ பணம்மா அது!"ன்னு சமையல்கட்டுக்கு வந்து கத்தினா. நான் எங்க ஊர்ல தங்கச்சிங்ககிட்ட விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கற கதையைச் சொன்னேன், அன்னிக்கு தோசை கருகிச்சு.

ஹேர்ட்டன். இவனுக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். அந்த வீட்டு வாசல் மேல கல்லுல அவன் பேரு செதுக்கியிருக்கு, முன்னோர் ஒருத்தரோட பேரு, ஹேர்ட்டன் எர்ன்ஷா, 1500னு. தினம் அதுக்குக் கீழ நடந்து போறான், படிக்கத் தெரியாது. ஹீத்கிளிஃப் வேணும்னே படிக்க விடாம, பண்ணை வேலைக்காரனா, கெட்ட வார்த்தை மட்டும் சொல்லிக்குடுத்து வளர்க்கறான், தனக்கு ஹிண்ட்லி பண்ணினதை அப்படியே அவன் பிள்ளைக்குத் திருப்பி. 24வது அத்தியாயத்துல கேத்தி குதிரைல வர்றா, இவன் ஓடிவந்து மேல கையைக் காட்டி, இப்ப என்னால அதைப் படிக்க முடியும்ங்கறான். எழுத்துக் கூட்டிப் படிக்கறான், பேரு முழுசும். அவ, சரி, அந்த எண்ணுங்கறா. அது இன்னும் தெரியலைங்கறான். அவ சிரிச்சுடறா. அவனும் சிரிக்கறதா கோவப்படறதான்னு தெரியாம பாதிச் சிரிப்போட நிக்கறான்.

என் பொண்ணு படுக்கைல உக்காந்து இதை எனக்குப் படிச்சுக் காட்டினா, சிரிச்சுட்டாளேம்மான்னு சொல்றப்ப அவளுக்குத் தொண்டை அடைச்சுது. நாய்க்குட்டியைத் தொங்க விட்ட அதே பையன்மா இவன்னு அவளே சொன்னா. நான் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லலை. 17வது அத்தியாயத்தை அவகிட்ட இருந்து மறைச்சிருந்தா 24 அவளுக்குப் பாதிதான் போயிருக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை வெச்சுக்கறேன். பாதில, அதுவும் 16ல, நிறுத்த விடாதீங்க. சாவோட நிறுத்தினா எனக்கு ஆனது ஆகும்.

பிப்ரவரி 16

"பிள்ளைங்க மனசு கண்ணாடி, எதுக்குக் கல்லெறியணும்"னு கேட்டவருக்கு. கண்ணாடிதான், ஒத்துக்கறேன், ஆனா அவங்களே உள்ள என்ன வெச்சிருக்காங்கன்னு பாருங்க. 1826 ஜூன்ல பேட்ரிக் பிரான்டி ஊர்ல இருந்து வர்றப்ப மகனுக்கு 12 மர சிப்பாய் பொம்மை வாங்கிட்டு வந்தார், அக்கா தங்கச்சிங்க ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டாங்க, எமிலிக்கு எட்டுகூட ஆகலை, அவங்க சிப்பாய் உம்முனு இருந்தான்னு கிரேவின்னு பேரு வெச்சாங்க. அதை வெச்சு ராஜ்யம் கட்டி, போர் நடத்தி, ஆளைக் கொன்னு, கொன்னவங்களை மறுபடி எழுப்பி, உள்ளங்கைல அடங்கற புத்தகமா தெச்சு எழுதினாங்க. மியூசியத்துல இருக்கு, எழுத்து அவ்வளவு பொடி, பூதக்கண்ணாடி வேணும். அப்பா பைரன் கவிதை, பெரியவங்க பத்திரிகை எதையும் தடுக்கலை. அம்மாவும் அக்காங்களும் செத்த வீட்டுல பிள்ளைங்க ஆளை எழுப்பற விளையாட்டு விளையாடியிருக்காங்க. யாரும் சொல்லிக்குடுக்காம.

ஆனா உங்க பக்கம் ஒரு பெரிய ஆள் இருக்காங்க, அதையும் சொல்லணும். சார்லட். தங்கச்சி செத்தப்புறம் 1850ல இந்தப் புத்தகத்தை மறுபடி பதிப்பிச்சப்ப முன்னுரைல, ஹீத்கிளிஃப் மாதிரி ஒரு பிறவியைப் படைக்கறது சரியான்னு எனக்குத் தெரியலை, சரின்னு சொல்ல மனசு வரலைன்னு எழுதினாங்க. கூடப் பிறந்தவளுக்கே சந்தேகம். அதனால நீங்க தயங்கறது தப்பே இல்ல.

பிப்ரவரி 20

கேள்வி கேட்டவங்க இப்ப சொல்லியிருக்கீங்க, போன ஐப்பசில பொண்ணோட ஆச்சி தவறிட்டாங்க, பொண்ணு அவங்ககூடத்தான் படுத்துக்குவா, இன்னும் அந்த ரூமுக்குள்ள போகலைன்னு. இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் 12, 15னு கணக்குப் போட்டுட்டே இருந்திருக்க மாட்டேன்.

இப்ப நான் தயங்கறது கத்திக்கு இல்ல, 29வது அத்தியாயத்துக்கு. 17 வருஷம் கழிச்சு ஹீத்கிளிஃப் வெட்டியானுக்குக் காசு குடுத்துக் கேத்ரினோட குழியைத் தோண்டச் சொல்லி பெட்டியைத் திறந்து முகத்தைப் பாக்கறான். அது இன்னும் அவ முகமாத்தான் இருந்துச்சுங்கறான். எட்டு வருஷம் முன்னாடி எங்கம்மா போனப்ப விமானம் கிடைச்சு ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு, நான் முகத்தைப் பாக்கலை. இந்தப் பக்கத்தை அதுக்கப்புறம் படிச்சப்ப எனக்கு அருவருப்பே வரலை, பாத்துட்டானேன்னு பொறாமைதான் வந்துச்சு, அது வந்ததே எனக்குப் பயமாவும் இருந்துச்சு, ரெண்டு நாள் சரியா சாப்பிடலை. 40 தாண்டின பொம்பளை நான்.

உங்க பொண்ணுக்கு அது ஆறுதலா இருக்குமா, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்குமா, உங்களுக்குத்தான் தெரியும். அந்த அத்தியாயத்தை நீங்க முதல்ல படிச்சுடுங்க. சின்னதுதான், ஒரு டீ குடிக்கற நேரம். அவ அங்க வர்ற அன்னிக்கு வீட்டுல இருங்க.

பிப்ரவரி 23

எந்தப் பதிப்புன்னு கேட்டிருந்தீங்க. ஜோசஃப்னு ஒரு கிழட்டு வேலைக்காரர் பேசறது யார்க்‌ஷயர் வட்டார வழக்கு, எமிலி காதுல கேட்டபடியே எழுதிட்டாங்க. தெக்கத்தி ஆளுங்களுக்குப் புரியலைன்னு சார்லட் 1850 பதிப்புல அதைக் கொஞ்சம் இளக்கினாங்க. இப்ப வர்ற நல்ல பதிப்புகள்ல எமிலியோட பழைய பேச்சுதான் இருக்கும், பின்னாடி அர்த்தம் போட்டிருப்பாங்க, அதையே வாங்குங்க.

எனக்கு ஜோசஃப் சுத்தமா புரியலை. ஹோம்ல ஒரு பெரியவர், 90 தாண்டியாச்சு, பண்ணைல வளர்ந்தவர், அவர்கிட்ட புத்தகத்தைக் கொண்டு போனேன். கண்ணாடி போட்டு ஒரு பத்தியை உரக்கப் படிச்சார். அப்படியே உயிர் வந்துச்சு. 'நௌட்'னா ஒண்ணுமில்ல, 'சம்மட்'னா ஏதோ ஒண்ணு, அவர் தினம் என்கிட்ட பேசறதுதான் அது, எழுத்துல பாத்ததும் எனக்கு அடையாளம் தெரியலை. இந்த ஆளு மாதிரி எங்க தாத்தா ஒருத்தர் இருந்தார், பைபிளை வெச்சு எல்லாரையும் திட்டுவார்னு சொன்னார். அன்னிக்கு மாத்திரையைக் கேக்காமலே போட்டுக்கிட்டார்.

மார்ச் 2

பொண்ணு கடைசி அத்தியாயங்களை எனக்குப் படிச்சுக் காட்டச் சொன்னா, மாத்தி மாத்தி. 32ல லாக்வுட் திரும்பி வர்றப்ப ஜன்னல் வழியா கேத்தி ஹேர்ட்டனுக்குப் படிக்கச் சொல்லிக்குடுக்கறது கேக்கும், 'கான்ட்ரரி'ங்கற ஒரு வார்த்தையை அவன் தப்புத் தப்பா சொல்லுவான், மூணாவது தடவை சொல்லிட்டேன் மடையான்னு அவ திட்டுவா. அதே வார்த்தையை நான் படிக்கறப்ப என் பொண்ணு, "அம்மா, முதல் எழுத்துல அழுத்தணும்"னு நிறுத்தினா. மறுபடி சொன்னேன். மறுபடி நிறுத்தினா. மூணாவது தடவை ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல புரிஞ்சு போச்சு, அவ என் மேல சாஞ்சு சிரிச்சா, ரொம்ப நேரம் படிக்கவே முடியலை.

மார்ச் 9

உங்க பொண்ணு 12வது அத்தியாயத்துல நிறுத்திட்டான்னு எழுதியிருக்கீங்க, தலையணை இடத்துல. எனக்குத் தெரியும் அந்த இடம். கேத்ரின் காய்ச்சல்ல தலையணையைப் பல்லால கிழிச்சு இறகை ஒவ்வொண்ணா வரிசையா வெக்கறா, இது வான்கோழி, இது காட்டு வாத்து, இது புறா, அப்புறம் ஒரு இறகை எடுத்து ஆள்காட்டிங்கறா. சின்ன வயசுல அதோட கூட்டைக் குளிர்காலத்துல பாத்தோம், உள்ள குட்டிக் குட்டி எலும்புக்கூடு, ஹீத்கிளிஃப் மேல பொறி வெச்சதால தாய்ப்பறவைங்க கிட்ட வரலைங்கறா.

எங்க கம்மாய்க் கரைல ஆள்காட்டி வெறும் தரைலதான் முட்டை வெக்கும், நாலு முட்டை, கூழாங்கல்லு மாதிரி, மிதிக்கற வரைக்கும் தெரியாது, நாம கிட்டப் போனா தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்தும். அப்பா கையைப் பிடிச்சுத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவார். இங்க மேட்டுல இருக்கறது அதோட உறவுக்காரப் பறவை, தலைல கொண்டை உண்டு, அதுவும் அதே மாதிரி கத்துது.

ஆச்சி நினைப்பு வந்திருக்கும் அவளுக்கு. 16ல நிறுத்த விடாதீங்கன்னு நான் சொன்னதை இப்ப பிடிச்சுக்காதீங்க, அவ இன்னும் அங்க வரவேயில்ல. புத்தகத்தை அலமாரில ஏத்திடாம அவ வெச்ச இடத்துலயே விடுங்க, நடுவுல வெச்சிருக்கற பஸ் டிக்கெட்டையும் எடுக்காதீங்க. அடுத்த வரில கேத்ரின் அவன்கிட்ட இனி ஆள்காட்டியைச் சுடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன், அவன் சுடலைங்கறா. அதை மட்டும் வேணா இன்னிக்கு அவகிட்ட சொல்லுங்க.